பத்தியில் உள்ளதை மட்டும் எழுதவும்

'பின்வரும் பத்தியைப் படித்து வினாக்களுக்கு விடையளி' என்கிற ஒரே வரியை வைத்துத்தான் பத்தொன்பது வருஷமாக என் வீட்டில் உலை கொதிக்கிறது. அந்த வரியை முதலில் எழுதின புண்ணியவானை ஒருநாள் பார்த்தால் நானும் அவரை நாலு கேள்வி கேட்பேன், விடை எந்தப் பத்தியிலும் இருக்காது.

கதைப் பாடமென்றால் தொல்லை இல்லை. நரி பேசும், காக்கா பாடும், பிள்ளைகள் 'சரி' என்று கேட்டுக்கொள்வார்கள். தகவல் பத்தி வரும்போதுதான் வம்பு. "தகவல்னா நெஜம், கதைன்னா கற்பனை" என்று நாமே ஒன்றாம் வகுப்பிலிருந்து ஓதி வைத்திருக்கிறோம். பிள்ளை அதை நம்பிவிடுகிறது. அந்த நிஜம் தன் வீட்டில் இல்லையே என்று கேட்டால் மார்க் போகிறது. ஐந்தாம் வகுப்பு எடுத்து நொந்துபோன சக வாத்தியார்களே, டீச்சர்களே, உங்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. வயிற்றெரிச்சலைக் கொட்ட ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான்.

என் பள்ளிக்கூடம் பழவேற்காடு ஏரிக்கரையில், தோணிரேவுக்கு அந்தண்டை ஒரு சின்ன குப்பத்தில். ஐந்தாம் வகுப்போடு சரி. எனக்குச் சொந்த ஊர் பொன்னேரிப் பக்கம், நெல் விளைகிற ஊர். பஸ் ஏறி, ஷேர் ஆட்டோ ஏறி, பதினோரு வருஷமாக அங்கே போய்வருகிறேன். என் வகுப்பில் பாதிப் பேர் வலைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். மிச்சம் ஏரியில் கையாலேயே இறாலும் நண்டும் பிடிக்கிற வீட்டுப் பிள்ளைகள். அதில் ஒருத்திதான் தேவயானி. எழுத்துக் கூட்டாமல், மூச்சு வாங்காமல், கடகடவென்று படிக்கிற ஒரே பிள்ளை. அவளுடைய அக்கா ஐந்தோடு நின்று அம்மாவோடு தண்ணியில் இறங்கிவிட்டாள். இவளாவது ஆறாம் வகுப்புக்கு ஓர் உண்டு உறைவிடப் பள்ளிக்குப் போகட்டும் என்று நான் விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தேன். அந்த நுழைவுத் தேர்வுக்கு உட்கார வேண்டுமென்றால், முதலில் இங்கே வாசிப்புத் திறன் தேர்வில் பத்துக்கு ஆறு எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் அக்கா போன வழிதான்.

குழாயை மூடுங்கள்

வருஷ ஆரம்பத்தில் பயிற்சிக்கு வந்த முதல் பத்தி 'நீரைச் சேமிப்போம்'. பல் துலக்கும்போது குழாயை மூடிவைக்க வேண்டுமாம். ஷவரில் அதிக நேரம் குளிக்கக் கூடாதாம். வாஷிங் மெஷினில் துணி நிறைந்த பிறகுதான் போட வேண்டுமாம். வினா: 'நீர் வீணாவதை நீ எவ்வாறு தடுப்பாய்?' எங்கள் குப்பத்தில் கிணற்றுத் தண்ணி உப்பு. ஒருநாள் விட்டு ஒருநாள் லாரி வரும். லாரி வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே பிளாஸ்டிக் குடங்கள் தெருவில் வரிசைகட்டி உட்கார்ந்திருக்கும். யார் குடத்தை யார் தள்ளிவைத்தார்கள் என்று வாரத்துக்கு ஒரு பஞ்சாயத்து நடக்கும்.

பிள்ளைகள் என்ன எழுதுவார்கள்? 'லாரித் தண்ணி கீழ சிந்தாம புடிப்பேன்' என்று எழுதினார்கள். 'மூஞ்சி கழுவின தண்ணியக் கீரைக்கு ஊத்துவேன்' என்று ஒரு பெண் எழுதினாள். தண்ணீரைச் சேமிப்பது எப்படி என்று இந்தப் பிள்ளைகளிடம்தான் அந்தப் பத்தி எழுதியவர் வந்து பாடம் கேட்க வேண்டும். ஆனால் விடைக் குறிப்பில் 'குழாயை மூடுவேன்' என்றுதான் போட்டிருந்தது. நானும் சிவப்புப் பேனாவை எடுத்து அத்தனை பேருக்கும் தப்புப் போட்டேன். சரியான விடையைக் கரும்பலகையில் எழுதி, பார்த்து எழுதிக்கொள்ளச் சொன்னேன். எல்லாரும் எழுதினார்கள். வெங்கடேசு மட்டும் எழுந்து நின்றான். கோட்டைக்குப்பத்தில் இருக்கிற மாமா வீட்டில் வளர்ந்துவிட்டு இந்த வருஷம்தான் எங்கள் பள்ளிக்கு வந்தவன். மரியாதையாகத்தான் கேட்டான்:

"மூடிடறேன் டீச்சர். எப்ப வெப்பாங்க?"

பூநாரையை எங்கே காணலாம்

வாசிப்புத் திறனைப் பார்க்க மேலிருந்து ஒரு மேற்பார்வையாளர் வருவார். இஸ்திரி குலையாத சட்டை, பையில் இரண்டு பேனா. ஜனவரியில் ஒருநாள் வந்தார். வந்ததும் நேரே வகுப்பு ஜன்னலுக்குப் போய்விட்டார். ஏரியில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் இறங்கியிருந்தன. "ஆஹா, என்ன காட்சி" என்று செல்போனை எடுத்து நாலைந்து படம் பிடித்தார். தன் வீட்டம்மாவுக்கு அங்கிருந்தே அனுப்பினார். அதற்கப்புறம் உட்கார்ந்து நோட்டுகளைக் கேட்டார்.

அந்த வாரப் பத்தி, பார்த்துக்கொள்ளுங்கள், 'அரிய பறவைகள்'. 'பூநாரை போன்ற பறவைகளை உயிரியல் பூங்காக்களில் கண்டு மகிழலாம்' என்று ஒரு வரி. வினா: 'பூநாரையை நாம் எங்கே காணலாம்?' இருபத்திரண்டு பிள்ளைகளில் பதினெட்டுப் பேர் 'ஜன்னலில்' என்று எழுதியிருந்தார்கள். நான் சரி போட்டிருந்தேன். போடாமல் என்ன செய்வது, தலையைத் திருப்பினால் பறவை நிற்கிறது. அவர் என் சரி அத்தனையையும் தன் பேனாவால் அடித்துக்கொண்டே வந்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. நீங்களே இப்பத்தானே சார் அந்த ஜன்னலில் நின்று படம் பிடித்தீர்கள் என்று கேட்டேவிட்டேன். அவர் நிமிரவில்லை, அடித்துக்கொண்டே சொன்னார்:

"பத்தியில ஜன்னல்னு எங்கயாவது போட்டிருக்கா டீச்சர்?"

விரும்பிய இடத்தில் வலை

அடுத்த வாரம் உண்மையான தேர்வு. தாளைப் பிரித்தேன். தலைப்பு: 'மீனவரின் வாழ்க்கை'. அடடா, நம்ம பிள்ளைகளுக்கு அல்வா மாதிரி ஒரு பத்தி வந்திருக்கிறது என்று நினைத்தேன். புத்திகெட்டவள். பனிக்கரடி வந்திருந்தால்கூடப் பிழைத்திருப்பார்கள். 'மீனவர்கள் அதிகாலையில் கடலுக்குச் செல்வர். தாம் விரும்பிய இடத்தில் வலை வீசி மீன் பிடிப்பர். மீன் பிடிப்பது ஆண்களின் தொழில். பெண்கள் வீட்டைக் கவனித்துக்கொண்டு, மீன்களைச் சந்தையில் விற்பர்.' ஐந்து வினா, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மார்க். எப்போது செல்வர், எங்கே வலை வீசுவர், எதனால் பிடிப்பர், யார் பிடிப்பர், பெண்களின் வேலை என்ன. 

'விரும்பிய இடத்தில்' என்ற வரியைப் படித்ததும் வலைக்காரர் வீட்டுப் பையன்கள் கிசுகிசுவென்று சிரித்தார்கள். ஏரியில் விரும்பிய இடத்தில் வலை போட முடியாது. பாடு என்று ஒன்று இருக்கிறது. பாடு என்றால் முறை. ஏரியில் இன்ன இடத்தில் இன்ன நாள் இன்னார் வலை கட்டலாம் என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு எடுத்துக்கொள்வார்கள். தன் முறை வராமல் ஒருத்தன் வலையைக் கட்டினால் ஊர்க்கூட்டத்தில் நிற்க வேண்டும், அபராதம் கட்ட வேண்டும், பேர் கெட்டுப்போகும். வெங்கடேசுவின் அப்பா மூன்று வருஷம் முன்னால் நாளைத் தப்பாக எண்ணி அடுத்தவர் முறையில் வலை போட்டுவிட்டு, ஊருக்கு நடுவில் கைகட்டி நின்றவர். அந்தப் பிள்ளைக்குத் தெரியாதா?

தெரியும். ஆனாலும் அவன் அழகாக 'தாம் விரும்பிய இடத்தில் வலை வீசுவர்' என்று எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டிருந்தான். பத்துக்குப் பத்து. தாளை வாங்கும்போது, உங்க நைனா இப்படி வலை போடுவாரா என்று கேட்டேன். சீண்டத்தான் கேட்டேன். இவ்வளவு பெரிய டீச்சருக்கு இதுகூடவா தெரியாது என்கிற முகத்தோடு அவன் சொன்னான்:

"இது பத்திக்கு டீச்சர். ஏரிக்கு இல்ல."

நாலு மார்க்

தேவயானிக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. முதல் இரண்டு வினாவுக்குப் பத்தியில் இருந்ததையே எழுதியிருந்தாள். வலை அவர்கள் வீட்டு விஷயமில்லை. மூன்றாவதில் 'எதனால் மீன் பிடிப்பர்?' என்பதற்கு 'கையால்'. 'யார் பிடிப்பர்?' என்பதற்கு 'எங்க அம்மா, எங்க அக்கா, லீவு நாள்ல நானு'. பெண்களின் வேலை என்ன என்பதற்கு மட்டும் நாலு வரி எழுதியிருந்தாள். தண்ணியில் குந்திக்கொண்டு சேற்றைத் தடவுவார்கள், இறால் காலில் முதலில் தெரியும், அப்புறம் கையில் மாட்டும், நண்டு கடிக்கும், ஓட்டாஞ்சிப்பி கிழிக்கும் என்று. ஓர் எழுத்துப் பிழை கிடையாது. பத்தொன்பது வருஷத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எழுதி நான் படித்த மிக நல்ல தகவல் பத்தி அது. மேற்பார்வையாளர் மூன்று முட்டை போட்டு, நாலு மார்க் கொடுத்து, பேருக்கு எதிரே 'புரிதல் இல்லை' என்று எழுதிவிட்டுப் போனார்.

தலைமை ஆசிரியர் நல்ல மனுஷர். யாரோடும் சண்டை போடாமல் ஓய்வு பெற வேண்டும் என்பது ஒன்றுதான் அவருடைய லட்சியம். நான் தாளை எடுத்துக்கொண்டு போய் அவர் மேஜையில் வைத்து, இந்தப் பிள்ளைக்குப் புரிதல் இல்லையென்றால் இந்த ஜில்லாவில் யாருக்கு இருக்கிறது என்று கத்தினேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். இரண்டு வாரத்தில் மறுதேர்வு உண்டு, வேறு தாள் அச்சடிக்கவில்லை, இதே தாள்தான் வரும், அதற்குள் தயார் பண்ணிவிடுங்கள் என்றார். பண்ண முடியாவிட்டால் என்று கேட்டேன். அவர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்:

"பென்சில்லதானே எழுதும் பொண்ணு? ரப்பரு கையில இருக்குதில்ல டீச்சர்."

சென்னைக்கு ஒரு போன்

என் கையால் ஒரு பிள்ளையின் விடையை அழிக்க மாட்டேன் என்று அவரிடம் வீராப்பாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வந்த சூட்டோடு, தாளின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். ஒருவர் எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்தார். அவர் 'லைன்ல இருங்க' என்றார். பாட்டுப் போட்டார்கள். நான் வேப்பமரத்தடியில் நின்று அந்தப் பாட்டை முழுசாக ஏழு தடவை கேட்டேன். கடைசியில் பத்திகள் தயாரிக்கிற பிரிவில் ஒரு தம்பி கிடைத்தார். குரலில் மரியாதை இருந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். எந்த ஊர் மீனவரைப் பார்த்து இதை எழுதினீர்கள் என்று கேட்டேன். பொதுவான மீனவரைப் பற்றி எழுதினோம் மேடம் என்றார். அந்தப் பொதுவான மீனவர் எங்கே குடியிருக்கிறார், முகவரி கொடுங்கள், நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். இங்கே பெண்பிள்ளைகள் காலங்காலமாக ஏரியில் இறங்கி இறால் பிடிக்கிறார்கள், நீங்கள் ஒரு வரியில் அவர்களை வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டீர்கள் என்றேன். அவர் குறித்துக்கொண்டதாகச் சொன்னார். குறித்துக்கொண்டால் அந்தப் பிள்ளைக்கு மார்க் வருமா என்று கேட்டேன். என் மேல் உண்மையாகவே இரக்கப்பட்டுத்தான் சொன்னார்:

"பத்தி மாநிலம் பூரா அச்சாகிப் போயிடுச்சு மேடம். உங்க பொண்ணு ஒருத்திதானே?"

தண்ணியில் தெரிந்த தலைகள்

இப்போது என் வண்டவாளத்தையும் சொல்லிவிடுகிறேன். அவரைத் திட்டினேனே, நான் என்ன லட்சணம்? மறுதேர்வுக்குத் தேவயானியை மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் தனியாக உட்கார வைத்தேன். விரலை வரிக்குக் கீழே வைத்துப் படி, வினாவில் இருக்கிற வார்த்தையைப் பத்தியில் தேடு, பக்கத்தில் இருப்பதை எடுத்து எழுது. நம் எல்லாருக்கும் தெரிந்த வித்தைதான். அவள் நறுக்கென்று படித்தாள். படித்துவிட்டு, இதை எழுதினவங்க எங்க ஊருக்கு வந்தாங்களா டீச்சர் என்று கேட்டாள். வரவில்லை என்றேன். அப்ப எப்படித் தெரியும் என்றாள். பேசாமல் படி என்று அதட்டினேன். 

அதட்டிவிட்டு, எனக்கே ஒரு சந்தேகம் வந்து கேட்டேன். இரண்டு கையும் சேற்றில் இருந்தால் பிடித்த இறாலை எதில் போடுவார்கள்? பறியில் என்றாள். பறி என்றால் பனையோலையில் பின்னின கூடை. அதை யார் பிடித்துக்கொள்வார்கள் என்றேன். வாயால் கடித்துக்கொள்வார்கள் என்றாள். காலையில் எட்டரைக்கு எங்கள் ஆட்டோ ஏரியை ஒட்டி வரும்போது, தண்ணியில் பத்துப் பதினைந்து பெண்களின் தலை தெரியும். வாயில் என்னமோ கவ்வியிருப்பார்கள். பதினோரு வருஷமாக நான் அவர்கள் குளிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வயல் பக்கத்துக்காரி, தண்ணியில் இருக்கிறவளைப் பார்த்தால் குளிக்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றும். பக்கத்து சீட் டீச்சரிடம் ஒருநாள், இந்த உப்புத் தண்ணியில் இவ்வளவு நேரம் என்ன குளியல் வேண்டிக்கிடக்கிறது என்றுகூடப் பேசியிருக்கிறேன். தலையைக் குனிந்துகொண்டு இதைத் தேவயானியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னாள்:

"பரவால்ல டீச்சர். இத எழுதினவங்களும் ஆட்டோவுல வந்திருப்பாங்க."

அடி

மறுதேர்வுக்கு முந்தின நாள். மூன்றாவது வினாவுக்கு 'வலையால்' என்று எழுத எப்படியோ பழக்கிவிட்டேன். நாலாவதும் ஐந்தாவதும் நகரவில்லை. 'யார் மீன் பிடிப்பர்?' வந்ததும் பென்சில் நின்றுவிடும். எழுது என்பேன். அவள் தாளைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள். எங்கம்மா கை இன்னிக்குக் காலையிலதான் கிழிஞ்சுது டீச்சர் என்பாள். ஆம்பளைங்கதான் புடிப்பாங்கன்னு நானே எப்படி எழுதுறது என்பாள். தலையால் தண்ணி குடித்துப் பார்த்தேன். வெங்கடேசு எழுதவில்லையா, அவன் என்ன கெட்டா போய்விட்டான் என்றேன். அவனோட நைனாவ இல்லன்னு எழுதச் சொன்னாங்களா டீச்சர் என்று திருப்பிக் கேட்டாள்.

நான் அடித்துவிட்டேன். மறைக்க ஒன்றுமில்லை. ஸ்கேலால், புறங்கையில், இரண்டு அடி. அடிக்கக் கூடாதென்று சட்டம் இருக்கிறது, எனக்கும் தெரியும். அந்த மேற்பார்வையாளர் மேலும் பாட்டுப் போட்ட ஆபீஸ் மேலும் இருந்த ஆத்திரமெல்லாம் ஒரு பத்து வயசுப் பிள்ளையின் கையில் போய் இறங்கியது. ஏமாந்தவன் தலையில் மிளகாய் அரைப்பது என்பார்களே, அது நான்தான். அவள் அழுதால் தேவலை என்றிருந்தது. அழவில்லை. அடித்த கையை மற்ற கையால் மூடிக்கொண்டு கேட்டாள்:

"எழுதிட்டா எங்கம்மா யாரு டீச்சர்?"

கன்னியம்மா

மறுநாள் காலை மணி அடிக்கும் முன்னால் தேவயானியின் அம்மா கன்னியம்மா வாசலில் நின்றிருந்தாள். ஏரியிலிருந்து நேராக வந்திருக்கிறாள். இடுப்புவரை புடவை நனைந்து காலோடு ஒட்டிக்கொண்டிருந்தது, பறி தோளில் தொங்கியது. பிள்ளையை அடித்ததற்குக் கேட்க வந்திருக்கிறாள், கேட்கட்டும், நாலு வார்த்தை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நானே முன்னால் போனேன். தப்புதாம்மா, கை நீட்டிவிட்டேன் என்றேன். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

ராத்திரி அந்தப் பத்தியைப் பிள்ளையிடம் படிக்கச் சொல்லி மூன்று தடவை கேட்டாளாம். அவளுக்கு எழுத்துத் தெரியாது. கேட்டே மனப்பாடம் ஆகிவிட்டிருந்தது. 'பெண்கள் வீட்டைக் கவனித்துக்கொண்டு' என்று அதே பத்திக் குரலில் சொல்லிக் காட்டினாள். நல்லா இருக்குது டீச்சர் அந்த வாழ்க்கை, எந்த ஊருன்னு சொன்னா போய்ப் பாக்கலாம் என்றாள். கிண்டலா, ஏக்கமா என்று எனக்குப் பிடிபடவில்லை. பிள்ளையை நான் அடித்துத் திருத்த வேண்டியதில்லை, தானே பேசிவிட்டதாகச் சொன்னாள். மூத்தவளை இழுத்துக்கொண்டு தண்ணியில் இறங்கின முதல் நாள் தன் வயிறு எரிந்த எரிச்சல் தனக்குத்தான் தெரியும் என்றாள். நான் தாளின் அநியாயத்தைப் பற்றி, சென்னைக்குப் போன் போட்டதைப் பற்றி என்னென்னவோ சொல்ல ஆரம்பித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, தையல் போட வேண்டிய அளவுக்குக் கிழிந்திருந்த விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"நான் இறால் புடிக்கலன்னே எழுதட்டும் டீச்சர். அவ புடிக்காம இருந்தா போதும் எனக்கு."

புரிதல் உண்டு

பதினோரு மணிக்கு மறுதேர்வு. அதே மேற்பார்வையாளர், அதே தாள். தேவயானி ஒரு தடவைகூட நிமிரவில்லை. நாலாவது வினாவுக்கு 'ஆண்கள்' என்று எழுதினாள். ஐந்தாவதுக்கு 'வீட்டைக் கவனிப்பர், மீன் விற்பர்' என்று எழுதினாள். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தாளைப் பிடுங்கிக் கிழித்துப் போடலாம் என்று தோன்றியது. கிழிக்கவில்லை. கிழித்தால் யாருக்கு நஷ்டம்? ஐந்து நிமிஷத்தில் எழுதி முடித்து, தாளை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு, தண்ணி குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனவள் மதியம் வரைக்கும் வகுப்புக்குள் வரவில்லை. தேடிப் போனேன். ஏரிப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். பாஸாயிட்டேனா என்று மட்டும் கேட்டாள். பத்துக்குப் பத்து என்றேன். அப்ப நுழைவுத் தேர்வுக்குப் போகலாம் இல்ல டீச்சர் என்றாள். போகலாம் என்றேன்.

வகுப்புக்கு நான் திரும்பி வரும்போது மேற்பார்வையாளர் பையை மூடிக்கொண்டிருந்தார். 'புரிதல் இல்லை' என்று எழுதின இடத்தில் 'இல்லை'யை அடித்துவிட்டு 'உண்டு' என்று போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. மனசாரப் பாராட்டினார்:

"ரெண்டே வாரத்துல இவ்வளவு முன்னேற்றமா? என்ன பண்ணீங்கன்னு எழுதிக் கொடுங்க டீச்சர், மத்த பள்ளிக்கூடத்துக்கும் அனுப்புவோம்."

ஆக, ஏரியைப் பார்க்காதவர் எழுதிவைக்க, ஏரியிலேயே பிறந்தவள் அதற்குத் தக்கபடி தன் தாயைத் திருத்திக்கொள்ள, அது சரியென்று பக்கத்தில் நின்று தலையாட்டுவதற்குத்தான் மாசம் பிறந்தால் எனக்குச் சம்பளம்.